அச்சாணிப் பொருட்கள்: தட்டுப்பாடு வருவதற்கு முன் வீட்டைத் தயார்செய்ய ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவர்களில் சிலர் தோட்டாவை விலைக்கு வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்து, வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். ரீலோடிங் என்பார்கள். ஒரு தோட்டாவில் நான்கே பொருட்கள் இருக்கின்றன: பித்தளை உறை, உள்ளே பவுடர், முனையில் குண்டு, அடியில் பிரைமர். பிரைமர் மிளகு அளவே இருக்கும் ஒரு சின்ன உலோக மூடி. அதற்குள் இருக்கும் துளி வெடிமருந்து அடிபட்டால்தான் பவுடர் பற்றும்.

2020இல் கொரோனா பரவியபோது அங்கே தோட்டாக்களை மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நிரப்பத் தெரிந்தவர்கள் நமக்கென்ன என்று இருந்தார்கள். பித்தளை உறையைப் பலமுறை பயன்படுத்தலாம். குண்டை ஈயம் உருக்கி வார்த்துக்கொள்ளலாம். பவுடரும் சிலரிடம் டப்பா டப்பாவாக இருந்தது. ஆனால் பிரைமர் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. அது ஒரு தடவைக்குத்தான் ஆகும். வீட்டில் செய்வது ஆபத்தானது. அதைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆயிரக்கணக்கான உறைகளை வைத்திருந்தவர்களும் அந்த ஒன்று இல்லாமல் நின்றுபோனார்கள்.

அதே ஆண்டில் முகக்கவசத்துக்கும் இதுதான் நடந்தது. துணி, நாடா, தையல் இயந்திரம் எல்லாம் இருந்தன. நடுவில் வைக்கும் மெல்ட்ப்ளோன் என்ற வடிகட்டும் அடுக்குதான் கிடைக்கவில்லை. காய்கனிகளைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துப் பதப்படுத்துகிறவர்கள் ஜாடி வைத்திருந்தார்கள். ஒருமுறை மட்டுமே பயன்படும் தட்டை மூடி இல்லை. இன்னும் பின்னால் போனால், 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகச் சிங்கோனாப் பட்டையில் சுமார் 90 சதவீதம் நேச நாடுகளின் கையைவிட்டுப் போனது. மலேரியா உள்ள காடுகளில் படையும் ஆயுதமும் இருந்தும், அந்தப் பட்டையிலிருந்து எடுக்கும் கொயினா மருந்து இல்லாமல் திண்டாடினார்கள்.

தேர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அச்சாணி கழன்றால் நின்றுவிடும். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு இருபது அச்சாணிகள் உண்டு. நெருக்கடிக்குத் தயாராவது என்று சொல்லி ஜெனரேட்டர், பெரிய அடுப்பு, விலை கூடிய டார்ச் என்று வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுடைய அக்கறை உண்மையானது. ஆனால் தட்டுப்பாடு வரும்போது முதலில் காலியாவது பெரிய பொருளின் வயிற்றுக்குள் போகும் சின்னப் பொருள். அதைக் கண்டுபிடித்து, எண்ணி, முன்கூட்டியே சேர்த்து, கெட்டுப்போகாமல் காப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். தோட்டா நிரப்பும் செய்முறை இதில் இல்லை. பல நாடுகளில் அதற்கு உரிமம் வேண்டும், சில இடங்களில் அனுமதியே இல்லை. அந்தக் கைத்தொழிலில் இருப்பவர்களின் சிந்தனை முறையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்.

படி 1: அச்சாணியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகள். இது எதைத் தின்று ஓடுகிறது? அந்தத் தீனியை வீட்டில் செய்ய முடியுமா? அதற்குப் பதிலாக வேறொன்று ஒத்துவருமா? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதுதான் அச்சாணி. வட்டமிடுங்கள்.

அடுப்பு எரிவாயுவைத் தின்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி வடிகட்டியைத் தின்கிறது, பெரும்பாலான கருவிகள் மின்சாரத்தையும் தின்கின்றன. காது கேட்கும் கருவி பொத்தான் பேட்டரியைத் தின்கிறது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் வைத்திருப்பவருக்கு அச்சாணி மீட்டர் இல்லை. அதில் செருகும் பட்டையும், அதற்குப் பின்னால் அந்தச் சின்ன ஊசியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பால் பவுடர். 2022இல் அமெரிக்காவில் ஒரே ஒரு ஆலை மூடப்பட்டதில் நாடு முழுக்கப் பால் பவுடருக்குத் தாய்மார்கள் அலைந்தார்கள்.

பட்டியல் எழுதியபின் ஒரு சோதனை வேண்டும். விடுமுறை நாளாகப் பார்த்து 24 மணி நேரம் மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர்க் குழாயையும் மூடிவிட்டு வாழ்ந்து பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி வீட்டில் இருந்தால் அதன் இணைப்பை மட்டும் விட்டுவைக்கவேண்டும். நாங்கள் முதல் தடவை இதைச் செய்தபோது காலை 8 மணிக்கே தோற்றுவிட்டோம். சுத்திகரிக்கும் கருவி ஓடவில்லை. கையில் 3 லிட்டர் குடிதண்ணீர் இருந்தது, 5 பேர் இருந்தோம். டார்ச்சைத் திறந்தால் உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பட்டியலில் நான் எழுதாமல் விட்ட பதினொரு பொருட்களை அந்த ஒரு நாள் காட்டிக்கொடுத்தது. இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 2: எண்ணுங்கள்

‘நிறைய வாங்கி வை’ என்பது கணக்கே இல்லை. எதைத் திறந்தாலும், அது டூத்பேஸ்டோ சோப்போ எரிவாயு சிலிண்டரோ, அதன் மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள். தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று நோட்டில் குறியுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுக்கான உண்மையான எண்கள் கைக்கு வந்துவிடும். மற்றவர்களின் பட்டியலைப் பார்த்து வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

கால அளவை மூன்று கட்டமாக வைத்துக்கொள்ளலாம். முதலில் 3 நாள், அது நிறைந்ததும் 2 வாரம், அப்புறம் அச்சாணிகளுக்கு மட்டும் 3 மாதம். எல்லாப் பொருளையும் 3 மாதத்துக்குச் சேர்க்க இடமும் பணமும் பெரும்பாலானோருக்கு இல்லை, தேவையும் இல்லை. வட்டமிட்டவற்றை மட்டும் ஆழமாகச் சேர்த்தால் போதும்.

சேர்ப்பதற்கு முன் இன்னொரு வேலை: அச்சாணிகளின் வகையைக் குறையுங்கள். டார்ச் ஒரு அளவு பேட்டரி, ரேடியோ இன்னொரு அளவு, கடிகாரம் மூன்றாவது அளவு என்று இருந்தால் மூன்று இருப்புகளைக் காக்கவேண்டும். அடுத்த முறை கருவி வாங்கும்போது ஒரே அளவு பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் அதன் பேட்டரி மற்றொன்றுக்கு உதவும்.

படி 3: தண்ணீர்

இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. குடிக்கவும் அவசியமான சமையலுக்கும் சுத்தத்துக்குமாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெயில் காலம், பாலூட்டும் தாய், காய்ச்சல்காரர் என்றால் இன்னும் கூடும். குளிப்பது, துவைப்பது எல்லாம் சேர்த்துப் பேரிடர் நிவாரணத்தில் இருப்பவர்கள் 15 லிட்டரைக் குறைந்தபட்ச அளவாக வைக்கிறார்கள்.

4 பேர், 14 நாள், ஆளுக்கு 4 லிட்டர் என்றால் 224 லிட்டர். எடை 224 கிலோ. அலமாரித் தட்டில் அடுக்கினால் தட்டு தாங்காது. தரையில், சுவரை ஒட்டிப் பிரித்து வையுங்கள். ஒரே பெரிய பீப்பாயில் வைத்தால் அதில் ஒரு தூசு விழுந்தாலும் எல்லாம் போச்சு, தூக்கவும் முடியாது. 10 முதல் 20 லிட்டர் கேன்கள் வசதி. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். ரசாயனம் இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது. பெட்ரோல், பெயின்ட், பூச்சிமருந்து பக்கத்தில் வைக்கவும் கூடாது, ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவும். நீங்களே பிடித்து வைத்த தண்ணீரை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சேர்த்தது தீர்ந்துவிட்டால் சுத்தப்படுத்தத் தெரியவேண்டும். முதலில் துணியில் வடிகட்டி, கலங்கல் அடியில் தங்கும்வரை வைத்துத் தெளிந்ததை எடுங்கள். அப்புறம் மூன்று வழிகள் உள்ளன.

கொதிக்கவைப்பது நம்பகமான வழி. நன்றாகக் குமிழியிட்டுக் கொதித்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் 3 நிமிடம். பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுவது எரிபொருளை வீணடிப்பதுதான். எரிபொருள் அங்கே ஒரு அச்சாணி.

இரண்டாவது குளோரின். மணமும் நிறமும் வேறு எதுவும் சேர்க்காத சாதாரண பிளீச், லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 9 சதவீதம் என்று இருந்தால், தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. கலக்கி 30 நிமிடம் விடுங்கள். லேசாகக் குளோரின் வாசம் வரவேண்டும். வராவிட்டால் அதே அளவை இன்னொரு முறை ஊற்றி 15 நிமிடம் காத்திருங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: பிளீச் பாட்டிலிலேயே பலம் இழந்துகொண்டே இருக்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய பாட்டிலை நம்பவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பழையதை வீடு துடைக்க எடுத்துக்கொண்டு புதியதை வையுங்கள். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடோ அமோனியாவோடோ பிளீச்சைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். தண்ணீர் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரைகள் உறை பிரியாமல் இருந்தால் பொதுவாக 5 ஆண்டு தாங்கும். நீண்ட நாள் இருப்புக்கு அவைதான் என் தேர்வு.

மூன்றாவது சூரியன். 2 லிட்டருக்கு மேற்படாத, கீறல் விழாத, நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவைத்தால் கிருமிகள் அழியும். மேகமூட்டமான நாள் என்றால் தொடர்ந்து 2 நாள். இந்த வழிக்கு அச்சாணியே இல்லை என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

மூன்றுமே கிருமிகளுக்குத்தான். தண்ணீரில் பூச்சிமருந்தோ எண்ணெயோ தொழிற்சாலைக் கழிவோ கலந்திருந்தால் எதுவும் பயன்படாது. அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

படி 4: மருந்து

ஒரு ஆலை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உப்புநீர்ப் பைகளைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அங்கிருந்த ஆலைகள் முடங்கி, நரம்பில் ஏற்றும் உப்புநீரின் சிறிய பைகளுக்கு அமெரிக்க மருத்துவமனைகள் தவித்தன. 2024இல் ஹெலன் புயலின் வெள்ளம் வட கரோலினாவில் ஒரே ஆலைக்குள் புகுந்தது. அந்த நாட்டின் நரம்புவழித் திரவத்தில் சுமார் 60 சதவீதம் அங்கேதான் தயாராகிக்கொண்டிருந்தது. உப்பும் தண்ணீரும்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் சுத்தமாக அடைக்கும் இடம் ஒன்றே ஒன்று.

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைக் கவனியுங்கள். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மருந்து, சில மனநல மருந்துகள் ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது நோயைவிட ஆபத்தாக முடியலாம். மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “ஒரு மாதம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள எழுதித் தருவீர்களா?” பலர் எழுதித் தருவார்கள். முடியாது என்றால், விதிமுறை இடம்கொடுக்கும் மருந்துகளில் ஒவ்வொரு மாதமும் 7 நாள் முன்னதாகவே வாங்குங்கள். 4 மாதத்தில் 28 நாள் இருப்பு உங்களிடம் சேர்ந்துவிடும். அதன்பின் வழக்கம்போல வாங்கி, பழையதை முதலில் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே வரலாம்.

காலாவதித் தேதி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க ராணுவத்தின் மருந்துக் கிடங்குகளுக்காக 1986இல் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. 122 மருந்துகளைச் சோதித்ததில் 88 சதவீதத் தொகுதிகள் தேதி கடந்து ஒரு ஆண்டாவது நல்ல நிலையில் இருந்தன. ஆனால் அவை எல்லாம் உறை பிரிக்காமல், உரிய வெப்பநிலையில் கிடங்கில் காத்தவை. குளியலறை அலமாரியில் ஈரத்தில் கிடந்த மாத்திரைக்கு அந்த முடிவு பொருந்தாது. இன்சுலின், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஒவ்வாமை அதிர்ச்சிக்குப் போடும் எபிநெஃப்ரின், கலக்கிவைத்த ஆன்டிபயாடிக் சிரப், இவற்றில் தேதியோடு விளையாடவே கூடாது.

இன்சுலின் பிரிக்காதவரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே 4 வாரம் வரை தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்று அதன் தாளிலேயே இருக்கும். மின்சாரம் போனால் பதறி ஐஸ் மேல் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. துணியில் சுற்றி, ஈரம் கசியும் மண்பானைக்குள் நிழலில் வைப்பது மின்சாரமில்லாத இடங்களில் கைகொடுக்கும் வழி.

மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் கம்பெனி மருந்து இல்லாதபோது அதே வேதிப்பொருள் உள்ள வேறொன்றைக் கடைக்காரர் எடுத்துக்கொடுக்க அந்தப் பெயர்தான் தேவை. கண்ணாடி அணிபவர் பழைய கண்ணாடியைத் தூக்கிப்போடாமல் அவசரப் பையில் போடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் வேண்டும். அது தீர்ந்தால் சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறினால் கெடுதல், குறிப்பாக உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அளவு ஸ்பூன் ஒன்றை அந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள்.

படி 5: வெளிச்சமும் மின்சாரமும்

கருவிக்குள் பேட்டரியைப் போட்டு மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். சாதாரண அல்கலைன் பேட்டரிகள் பெட்டியில் பல ஆண்டு இருக்கும், ஆனால் கருவிக்குள் கசிந்து அதன் உலோகத்தை அரித்துவிடும். பேட்டரியும் டார்ச்சும் ஒரே பையில், தனித்தனியாக இருக்கட்டும். நீண்ட இருப்புக்கு ஒருமுறை பயன்படும் லித்தியம் பேட்டரிகள் நல்லவை, குளிரிலும் வேலை செய்யும். தினசரிப் பயன்பாட்டுக்கு மெதுவாக மின்னிழக்கும் ரீசார்ஜ் பேட்டரிகள், கூடவே சின்ன சூரிய மின்தகடு. அந்தத் தகடு இருந்தால் பேட்டரி அச்சாணிப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய விலகிவிடுகிறது. காதுக் கருவியின் பொத்தான் பேட்டரி வேறு ரகம். ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்த நொடியிலிருந்து அது தீரத் தொடங்கிவிடும், சோதித்துப் பார்க்கிறேன் என்று பிரிக்காதீர்கள்.

போன், பவர் பேங்க் போன்ற லித்தியம் அயன் வகையைப் பாதி சார்ஜில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். இன்வெர்ட்டரின் ஈய-அமில பேட்டரி அதற்கு நேர் எதிர், எப்போதும் முழு சார்ஜில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிடும்.

கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1,200 வாட்-மணி. ஈய-அமிலத்தில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 600. 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு எரித்தால், இழப்பே இல்லையென்றால் 60 மணி நேரம் வரும், இன்வெர்ட்டரின் இழப்பு அதைக் குறைக்கும். ஃபேனையோ ஃபிரிட்ஜையோ சேர்த்தால் அந்தக் கணக்கு சட்டென்று சுருங்கிவிடும். 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் ஒரு போனை மூன்று முறை அளவுக்கு நிரப்பும்.

ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்புங்கள். குளிரையும் காக்கும், உருகியபின் குடிக்கவும் ஆகும்.

படி 6: எரிபொருள்

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள் என்பதே பலருக்குத் தெரியாது. சாதாரணமாக 3 முதல் 6 மாதத்தில் தரம் இறங்கிவிடும். எத்தனால் கலந்ததாக இருந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியவும் கூடும். நெருக்கடி அன்று ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல்மேல்தான். குறைவாக, அதற்கென்று உள்ள கேனில், வசிக்கும் அறையிலிருந்து விலக்கி, உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கும் அளவில் மட்டும் வையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சிலிண்டரில் உள்ள எரிவாயு இப்படிக் கெடுவதில்லை. அதனால் ஒரு சிலிண்டர் கூடுதலாக வைக்க அனுமதி இருந்தால் அதுவே நல்ல வழி.

அடுப்பை இறக்கியபின் பாத்திரத்தைக் கனமான போர்வையில் இறுகச் சுற்றிவைத்தால் மீதி வேக்காடு தானாக நடக்கும். தானியத்தையும் பருப்பையும் ஊறவைத்துச் சமைப்பதையும் இதோடு சேர்த்தால் எரிபொருள் கணிசமாக மிஞ்சும்.

இதை அழுத்திச் சொல்கிறேன். ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளோ, மூடிய பால்கனியிலோ, கார் நிறுத்தும் அறையிலோ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புயலைத் தாண்டிப் பிழைத்தவர்கள் அடுத்த நாள் இரவு ஜெனரேட்டர் புகையில் தூக்கத்திலேயே இறந்துபோகிறார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள்.

படி 7: உணவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உணவில் மாற்று எப்போதும் கிடைக்கும். ஆளுக்கு நாளைக்கு 2,100 கலோரி என்பது நிவாரணக் கணக்கு. நீங்கள் தினமும் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முன்னால் நகர்த்தி, புதியதைப் பின்னால் வையுங்கள். தவிடு நீக்கிய தானியம் ஈரமில்லாமல் காற்றுப்புகாத டின்னில் பல ஆண்டுகள் இருக்கும். தவிடு உள்ளதில் எண்ணெய் இருப்பதால் மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். வண்டு விழுமோ என்று பயந்தால் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தெடுத்து, ஈரம் ஆறியபின் அடையுங்கள். டின் உணவு வைத்திருந்தால் டின் திறக்கும் கருவி இரண்டு வேண்டும்.

படி 8: கண்ணில் படாத சின்னப் பொருட்கள்

கடைகளில் முதலில் காலியாகி, யாருக்கும் நினைவு வராத கூட்டம் இது: தீப்பெட்டி, லைட்டர், குழாய் வாஷர், எரிவாயு ரெகுலேட்டரின் ரப்பர் குழாய், பிரஷர் குக்கரின் கேஸ்கட், ஃபியூஸ், சைக்கிள் டியூப் ஒட்டும் பசை, தையல் ஊசி, குப்பைப் பை, சானிடரி நாப்கின், குழந்தை டயப்பர், சோப்பு. ரப்பர் எதுவானாலும் வயதாகி விரிசல் விடும், பத்து வருடத்துக்குச் சேர்க்காதீர்கள். கார்டும் போனும் வேலை செய்யாத நாளுக்குச் சில்லறை நோட்டுகள். முக்கியமான போன் எண்கள் காகிதத்தில்.

படி 9: எப்போது வாங்குவது

தட்டுப்பாடு என்ற செய்தி வந்தபின் வாங்கப் போகாதீர்கள். அன்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொன்றும் இன்னொரு வீட்டின் பங்கு. கடையில் எல்லாம் நிறைந்திருக்கும் சாதாரண நாளில், வாரம் ஒன்றோ இரண்டோ கூடுதலாக எடுத்தால் யாருக்கும் குறையாது, ஆலைக்கும் ‘இது விற்கிறது’ என்ற தகவல் போய்க்கொண்டிருக்கும். முன்னேற்பாடு செய்த குடும்பம் நெருக்கடி அன்று வரிசையில் நிற்காது. வரிசையில் ஒரு ஆள் குறைவது மற்றவர்களுக்குச் செய்யும் உதவிதான்.

கணக்கில் ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தைக்காரர் யாராவது தெருவில் இருப்பார்கள். அவர்களுடைய அச்சாணி எது என்று முன்பே கேட்டுவைத்தால், அன்று என்ன கொடுப்பது என்று யோசித்து நிற்கமாட்டீர்கள்.

படி 10: காப்பதும் சுழற்றுவதும்

இங்கே மறுபடி ரீலோடிங் செய்பவர்களிடம் வருகிறேன். பவுடரை வந்த டப்பாவிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது என்பதில் அவர்கள் கறாராக இருப்பார்கள். லேபிள் இல்லாத பவுடர் எவ்வளவு இருந்தாலும் அதைப் பயன்படுத்தாமல் அழித்துவிடுவார்கள். பிரைமரை அதன் பெட்டியிலேயே வைப்பார்கள். ஜாடியில் மொத்தமாகக் கொட்டிவைத்தால், ஒன்று வெடித்தாலும் எல்லாம் வெடிக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் தேதியும் எண்ணும் ஒரு நோட்டில் எழுதுவார்கள்.

வீட்டிலும் அதே கறார் வேண்டும். மருந்து, பிளீச், எரிபொருள் மூன்றும் வந்த உறையிலேயே இருக்கட்டும். குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக் குழந்தை குடித்துவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. எது என்று தெரியாத மாத்திரை, எது என்று தெரியாத திரவம் இருந்தால் அதை இருப்பாக எண்ணாமல் பாதுகாப்பாக அகற்றுங்கள்.

இருப்பின் பெரிய எதிரி வெப்பம். தகரக்கூரைக்குக் கீழே உள்ள அறையிலும், காரின் பின்பெட்டியிலும் வைத்தவை பாதி வயதிலேயே கெடும். வீட்டின் நடுவில், வெயில் படாத, தரையிலிருந்து சற்று உயர்த்திய இடமே நல்லது. வெள்ளம் வரும் பகுதி என்றால் மேல்தளம்.

வருடத்தில் எளிதாக நினைவிருக்கும் இரண்டு நாட்களை, உதாரணமாக வீட்டில் இருவரின் பிறந்தநாள்களை, சரிபார்க்கும் நாளாக வையுங்கள். தண்ணீர் மாற்றுவது, பிளீச் மாற்றுவது, டார்ச் எரியவைத்துப் பார்ப்பது, ஜெனரேட்டரைக் கால் மணி நேரம் ஓட்டுவது, மருந்துத் தேதி பார்ப்பது. ஒரு அரைநாள் வேலை. அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டி எது எங்கே, எத்தனை, எப்போது மாற்றியது என்று எழுதுங்கள். எரிவாயு வால்வையும் மெயின் சுவிட்சையும் மூடுவது எப்படி என்று வீட்டில் எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்கவேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில்தான் அது தேவைப்படலாம்.

எங்கே தொடங்குவது என்று மலைப்பாக இருந்தால், இன்று மாலை மூன்று வேலைகள்: வீட்டில் உள்ளவர்களின் மருந்துகளை வேதிப்பெயரோடு ஒரு தாளில் எழுதுங்கள், கையில் இருக்கும் சுத்தமான கேன்களைக் கழுவித் தண்ணீர் பிடித்துத் தேதி ஒட்டுங்கள், டார்ச்சுக்குள் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள்.